இலக்கு ரைபிளின் குழலுக்கு எவ்வளவு பாரம் தகும்?

கல்லடிவாசி:

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் மூத்த அண்ணன், வாய்வழியாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் நிரப்பிச் சுடும் பழைய முறைத் துவக்குகளுக்கான கழகம் ஒன்றில் உறுப்பினராக இருக்கிறார். நம் பக்கத்தில் இடியன் என்று சொல்லப்படுவதன் உறவுதான் அது. ஆனால் உள்ளே புரி வெட்டப்பட்ட குழலும் கேப்பினால் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடியால்) வெடிக்கும் பொறியும் கொண்ட, இலக்குப் போட்டிக்கென்றே செய்யப்படும் ரைபிள். அவர் இப்போது உரிமம் பெற்ற துவக்குச் செய்பவர் ஒருவரிடம் தனக்கென்று ஒன்றைச் செய்விக்கிறார். துளை 0.45 அங்குலம், எட்டுப்பட்டைக் குழல், நீளம் 32 அங்குலம் என்பவை முடிவாகிவிட்டன. குழலின் பருமனை மட்டும் அண்ணனே தீர்மானிக்க வேண்டும் என்று செய்பவர் சொல்லிவிட்டார். மூன்று வழிகள் தரப்பட்டுள்ளன. முதலாவது, பட்டைக்குப் பட்டை 1 அங்குலம், அடி முதல் வாய் வரை ஒரே பருமன். இரண்டாவது, அதே போல் நேராக, ஆனால் 1⅛ அங்குலம். மூன்றாவது, அடியில் 1⅛ அங்குலமாகத் தொடங்கி வாயில் ⅞ அங்குலமாக ஒடுங்குவது.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் பயிற்றுநராக இருப்பதால் கணக்குப் பார்த்துச் சொல்லும்படி அண்ணன் கேட்டார். உருக்கின் அடர்த்தியை ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம் என எடுத்தால், முதற் குழல் ஏறக்குறைய 2.75 கிலோ, இரண்டாவது 3.66 கிலோ, மூன்றாவது 2.77 கிலோ வருகின்றன. மரப் பாகமும் பொறியும் சேர்ந்து இன்னும் 1.7 கிலோ அளவில் கூடும். அவர் கலந்துகொள்ள விரும்புவது, வாய்வழி நிரப்பும் துவக்குகளுக்கான சர்வதேசக் குழுவான எம்.எல்.ஏ.ஐ.சி. விதிகளின்படி நடைபெறும் இரண்டு போட்டிகளில். வெற்றர்லி என்பது 50 மீற்றரில் நின்றபடி சுடுவது. விற்வேர்த் என்பது 100 மீற்றரில் படுத்தபடி சுடுவது. இரண்டிலும் 30 நிமிடங்களில் 13 முறை சுட்டு, அவற்றுள் சிறந்த 10 கணக்கில் எடுக்கப்படும். அண்ணனுக்கு வயது 54. இரண்டு போட்டிகளுக்கும் ஒரே ரைபிள்தான். இரண்டு வாங்குவதற்கு அண்ணியிடம் அனுமதி கிடைக்காது.

நெறியாளர்:

விவாதம் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், கருமருந்தைப் பொறுத்தவரை 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் நடைமுறையில் உள்ளன. இங்கே பேசப்படுவது வெளிநாட்டில் அந்நாட்டுச் சட்டப்படி செய்யப்படும் விளையாட்டுத் துவக்கின் பருமனும் பாரமும் மட்டுமே. படுவான்கரையில் பன்றிக்கென்று கட்டப்பட்டு மனிதரின் காலைப் பறிக்கும் கட்டுத்துவக்குகளைப் பற்றியோ, துவக்குச் செய்யும் முறைகளைப் பற்றியோ எவரும் எழுத வேண்டாம், எழுதினால் நீக்கப்படும்.

அக்கரைப்பற்றுக் கடைச்சல்:

கடைச்சல் பட்டறையில் முப்பது வருடங்களுக்கு மேலாக உருக்கோடு புழங்குகிறவன் என்ற முறையில் என் எண்ணத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். இரண்டாவதை எடுக்கச் சொல்லுங்கள் தம்பி, அதாவது நேரான 1⅛ அங்குலக் குழலை. உருக்கைக் குறைப்பது எந்தக் காலத்திலும் முடியும், கூட்டுவது ஒரு காலத்திலும் முடியாது. பாரம் அதிகம் என்று அண்ணனுக்குப் பிறகு தோன்றினால் அதே குழலை வாய்ப்பக்கம் ஒடுக்கிவிடலாம், அல்லது நீளத்தைக் குறைக்கலாம். மெல்லிய குழலை எடுத்துவிட்டுப் பாரம் போதவில்லை என்று கண்டால் புதுக் குழலுக்குக் காசு கொடுக்க வேண்டியதுதான்.

அடுத்தது, தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது. ஒன்றிலிருந்து ஒன்றே எட்டில் ஒன்றுக்குப் போனால் விறைப்பு 60 சதவீதம் அதிகரிக்கும். வெடிக்கும்போது குழல் அதிருமா இல்லையா? அதிரும். விறைப்பான குழல் குறைவாக அதிரும். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் மேசையில் தாங்கி வைத்துச் சுடுவதற்கென்று செய்யப்பட்ட ரைபிள்கள் 30 இறாத்தலுக்கும் மேல் இருந்ததாக வாசித்திருக்கிறேன். அந்த மனிதர்கள் வேலையில்லாமல் இரும்பைச் சுமக்கவில்லை.

பழைய பௌதிகவியல் (களுவாஞ்சிக்குடி):

கடைச்சல்காரரின் முதல் நியாயத்தை மதிக்கிறேன். இரண்டாவது நியாயத்தில் பாதிக் கணக்குத்தான் இருக்கிறது. விறைப்பு நான்காம் அடுக்கோடு கூடும்போது திணிவும் இரண்டாம் அடுக்கோடு கூடுகிறது. ஆகவே குழலின் இயல்பான அதிர்வெண் விட்டத்தோடு நேர்விகிதத்தில் மட்டுமே உயரும். இங்கே அது சுமார் 12 சதவீத உயர்வு. குழல் தன் சொந்தப் பாரத்தால் தாழ்வதையும் கணித்துப் பார்த்தேன். அடியில் மட்டும் இறுக்கப்பட்டு எஞ்சிய பகுதி தாங்கலின்றி நின்றால், 1 அங்குலக் குழலின் வாய் ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் தாழும், 1⅛ அங்குலக் குழலின் வாய் 0.33 மில்லிமீற்றர் தாழும். அந்தத் தாழ்வு ஒவ்வொரு சூட்டிலும் ஒரே அளவாக இருப்பதால், குறிகாட்டியைச் சரிசெய்யும்போதே அது கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 50 மீற்றர், 100 மீற்றர் தூரங்களில் ஈய உருண்டைக் குண்டு சுடும் ஒருவருக்கு, ஓர் அங்குலப் பருமனுள்ள குழல் விறைப்புப் போதாமையால் புள்ளி இழக்கச் செய்யும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

பாரத்தின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. கை நடுங்கும்போது குழல் திரும்ப மறுக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது சடத்துவத் திருப்பம். அது திணிவோடு நேராகவும் சுழல்மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடும் கூடும். வாவியில் தோணி ஊன்றும் நீண்ட கம்பை ஒரு முனையில் பிடித்துச் சட்டென்று திருப்ப முயன்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பின் பாரம் சிறிது, நீளம்தான் எதிர்க்கிறது. தோளைச் சுழல்மையமாகவும், குழலின் அடி அதிலிருந்து 17 அங்குலம் முன்னே இருப்பதாகவும் கொண்டு கணக்கிட்டேன். 32 அங்குல நீளமுள்ள 1 அங்குலக் குழலுக்கு 2.08 கிலோகிராம் சதுர மீற்றர் வருகிறது. 28 அங்குல நீளமுள்ள 1⅛ அங்குலக் குழலுக்கு 2.12 வருகிறது. முதலாவதன் திணிவு 2.75 கிலோ, இரண்டாவதன் திணிவு 3.2 கிலோ. அதாவது, பருமனால் வாங்கும் அசையாமையை நீளத்தால் வாங்கினால் ஏறக்குறைய அரைக் கிலோ மிச்சம். எனவே நீளத்தைக் குறைப்பது பற்றிய பேச்சே கூடாது. நேரான 1 அங்குலக் குழல், முடிந்தால் 34 அங்குலம். என் தெரிவு அதுதான்.

ஆரையம்பதியான் (சுவிஸ்):

நான் ஆரையம்பதியில் பிறந்து, இப்போது சுவிற்சர்லாந்தில் வாழ்பவன். வெற்றர்லி என்ற பெயரே இங்கத்தைய துவக்கு வடிவமைப்பாளர் ஒருவருடையது. நின்றபடி சுடும் அந்தப் போட்டியில் நான் கலந்துகொள்வதுண்டு. ஆகவே கணக்குக்கு வெளியே உள்ள சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 34 அங்குலக் குழல். சேர் அவர்கள் சுடும் நேரத்தை மட்டும் பார்க்கிறார். நிரப்பும் நேரத்தைப் பார்க்கவில்லை. வாய்வழி நிரப்பும் துவக்கை நிமிர்த்தி வைத்து, மருந்தை ஊற்றி, துணி சுற்றிய குண்டை வாயில் வைத்து அழுத்தி, நீண்ட கோலால் அடிவரை தள்ள வேண்டும். கோலை முழுதாக உயர்த்தும்போது கை தலைக்கு மேலே போகிறது. படுத்துச் சுடும் போட்டியில் ஒவ்வொரு சூட்டுக்கும் எழுந்து இதைச் செய்துவிட்டு மறுபடி படுக்க வேண்டும். கருமருந்து எரிந்தால் அதன் திணிவில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாகவே எஞ்சுகிறது. அதனால் பெரும்பாலானோர் சூட்டுக்குச் சூடு ஈரத்துணியால் குழலைத் துடைக்கிறார்கள். 30 நிமிடங்களில் 13 முறை இதைச் செய்யும்போது, குழலின் வாய் நெஞ்சளவில் நிற்கிறதா, தாடையளவில் நிற்கிறதா என்பது சிறிய விடயமாக இருப்பதில்லை. அண்ணனின் உயரம் என்ன என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது, தோள் சுழல்மையம் என்ற எடுகோள். படுத்துச் சுடும்போது அது ஓரளவு பொருந்தும். நின்று சுடும்போது பழைய ஜேர்மன், சுவிஸ் முறையில் இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, விசைக்காப்புக்குச் சற்று முன்னே கையை வைத்து ரைபிளைத் தாங்குகிறோம். அப்போது முன்பக்கம் முழுவதும் கைக்கு வெளியே நிற்கிறது. குழல் முன்னே கனத்தால் பிடங்கு, அதாவது தோளில் அமரும் பின்மரம், மேலெழ முயலும். அதனால்தான் அந்தக் கால ரைபிள்களின் பிடங்கில் அக்குளுக்குக் கீழே மாட்டும் ஆழமான கொக்கி இருந்தது. அண்ணன் செய்விக்கும் ரைபிளில் அந்தக் கொக்கி உண்டா? இல்லையென்றால் 3.66 கிலோக் குழலை வலது கைதான் கீழே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். விசையை மெதுவாக அழுத்த வேண்டிய அதே கை.

ஆகவே நான் ஒடுங்கும் குழலைச் சொல்வேன்.

அக்கரைப்பற்றுக் கடைச்சல்:

பிடங்கில் கொக்கி இல்லையென்றால் வைக்கச் சொல்லலாம். செய்விக்கும் ரைபிள்தானே? அதற்காகக் குழலை மெலிய வைப்பது செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பது.

பின்னுதைப்பைப் பற்றி ஒருவரும் ஏன் எழுதவில்லை? பாரமான துவக்கு குறைவாக உதைக்கும் என்பது பௌதிகவியல் படிக்காத எனக்கே தெரியும்.

பழைய பௌதிகவியல் (களுவாஞ்சிக்குடி):

எழுதுகிறேன். இதற்கு இரண்டு விடைகள் உள்ளன; எந்தக் குண்டு என்பதைப் பொறுத்து ஒன்றுக்கொன்று எதிரான விடைகள்.

0.45 துளைக்குப் பொருந்தும் ஈய உருண்டை ஏறத்தாழ 8.3 கிராம். அதற்கு 3.2 கிராம் மருந்து என்று வைத்துக்கொள்வோம். குண்டு வாயை விட்டு வெளியேறும் வரை துவக்கு எவ்வளவு பின்னே நகர்கிறது என்பதை உந்தக் காப்பு விதியே சொல்லிவிடும். குண்டின் வேகம் அந்தக் கணக்கில் நுழைவதில்லை. 4.5 கிலோ ரைபிள் சுமார் 1.8 மில்லிமீற்றர் நகரும், 5.4 கிலோ ரைபிள் 1.5 மில்லிமீற்றர் நகரும். இந்த 0.3 மில்லிமீற்றருக்காக ஒருவர் ஏறக்குறைய ஒரு கிலோவைக் கூடுதலாகச் சுமக்க வேண்டியதில்லை.

நீண்ட, கனத்த குண்டை எடுத்தால் காட்சி மாறுகிறது. 34 கிராம் குண்டும் 4.5 கிராம் மருந்தும் என்றால் அந்த நகர்வு முறையே 6.5 மில்லிமீற்றரும் 5.4 மில்லிமீற்றரும் ஆகிறது. வாய்வேகம் செக்கனுக்கு 380 மீற்றர் அளவில் இருந்தால், தோளுக்கு வரும் சக்தியும் 27 யூலிலிருந்து 23 யூலுக்கு இறங்கும். அங்கே பாரத்துக்குப் பொருள் உண்டு. தம்பி கல்லடிவாசி சொல்லாமல் விட்டது இதுதான்: குழலின் புரி எவ்வளவு தூரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது? உருண்டைக் குண்டுக்கு 48 அங்குலத்துக்கோ அதற்கும் கூடிய தூரத்துக்கோ ஒரு சுற்றுப் போதும். நீண்ட குண்டை நிலைநிறுத்த அதைவிட விரைவான சுற்று வேண்டும். அந்தப் போட்டிக்குப் பெயர் தந்த ஆங்கிலப் பொறியியலாளர் விற்வேர்த்தின் மூல ரைபிளில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

கல்லடிவாசி:

சேர், புரி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று; உருண்டைக் குண்டு மட்டும்தான். பிடங்கில் கொக்கி இல்லை, சாதாரணப் பிறைவடிவம். அண்ணனின் உயரம் 5 அடி 5 அங்குலம். ஆகவே 34 அங்குலம் என்ற யோசனையை அவரே கைவிட்டுவிட்டார்.

திருக்கோவில் இயன்மருத்துவர்:

துவக்கைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தோளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இதுவரை எழுதிய அனைவரும் நடுக்கத்தை மாறாத அளவாக வைத்துக்கொண்டு, எந்தக் குழல் அதைக் கூடுதலாக எதிர்க்கும் என்று கேட்கிறீர்கள். நடுக்கம் மாறாத அளவு அல்ல. ஆரோக்கியமான ஒவ்வொருவரின் கையிலும் செக்கனுக்கு 8 முதல் 12 வரையான மெல்லிய நடுக்கம் எப்போதும் உண்டு. பாரம் ஏற்றினால் அந்த அதிர்வு மெதுவாகிறது. இந்த வகையில் கடைச்சல்காரருக்கு ஆதரவாக ஒரு சொல் சொல்லலாம். ஆனால் தசை களைப்படையும்போது நடுக்கத்தின் வீச்சு வளர்கிறது, களைப்பு பாரத்தோடும் நேரத்தோடும் வருகிறது. முதல் மூன்று சூடுகளில் கனத்த குழல் தெளிவாக வெல்லும். பத்தாவது சூட்டில், அதுவும் 54 வயதுத் தோளில், அதே குழல் தோற்கக்கூடும். போட்டி பத்தைக் கணக்கெடுக்கிறது, மூன்றை அல்ல.

குறிபார்த்துப் பிடித்திருக்கும் நேரம் சில செக்கன்களே என்று நினைக்க வேண்டாம். சுவிஸ் அண்ணன் எழுதிய நிரப்பும் வேலை முழுவதும் அதே தோளால்தான் செய்யப்படுகிறது. இது தாளில் தீர்க்கக் கூடிய கேள்வியும் அல்ல. 2.75 கிலோவும் 3.66 கிலோவும் உள்ள இரண்டு நீண்ட இரும்புத் தண்டுகளை வாங்கி, ரைபிள் பிடிக்கும் நிலையில் ஒவ்வொன்றையும் பிடித்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, இடையிடையே இறக்கி வைத்து, அரை மணி நேரம் பயிற்சி செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டையும் செய்ய வேண்டாம்.

அக்கரைப்பற்றுக் கடைச்சல்:

தங்கச்சி சொல்வது புத்தியான பேச்சு. அண்ணன் அதைக் கனடாவில் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் செய்வதுதான் நல்லது. இந்தப் பக்கத்தில் ஒருவர் நீண்ட இரும்புத் தண்டைத் தோளில் வைத்துச் சுவரைப் பார்த்து நின்றால், அடுத்த வீட்டார் பார்த்து, பொலிஸ் வந்து விசாரித்து முடிப்பதற்குள் போட்டியே நடந்து முடிந்துவிடும்.

எனினும் என் முதல் நியாயத்துக்கு எவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. குறைக்கலாம், கூட்ட முடியாது.

ஆரையம்பதியான் (சுவிஸ்):

காக்கா, அதற்கு என் பதில் இது. பாரத்தைக் கூட்ட முடியும், உருக்கைத்தான் கூட்ட முடியாது. பிடங்கின் உள்ளே ஈயத்தை வைத்துப் பாரம் கூட்டுவது பழைய வழக்கம். அது முன்பாரத்தைச் சமன் செய்யும்; ரைபிள் இரண்டு கைகளுக்கிடையே அமைதியாகக் கிடக்கும். சேர் தோளைச் சுழல்மையமாக வைத்ததால் பிடங்கில் வைக்கும் ஈயத்துக்கு அவருடைய கணக்கில் பயன் பூச்சியமாகத் தெரியும். நின்று சுடும்போது ரைபிள் தன் ஈர்ப்பு மையத்தை ஒட்டியும் ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்குப் பிடங்கில் உள்ள ஈயமும் வாயில் உள்ள உருக்கும் இரண்டு முனைப் பாரங்கள். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும்: எம்.எல்.ஏ.ஐ.சி. போட்டிகளில் புதிதாகச் செய்யப்படும் ரைபிள் பழைய மூலத்தின் வடிவத்தை ஒட்டி இருக்க வேண்டும். வெளியே திருகிப் பூட்டும் நவீனப் பாரத் துண்டுகளை வாயில் தொங்கவிட முடியும் என்று எண்ண வேண்டாம்.

30 இறாத்தல் ரைபிள்களைக் காக்கா சான்றாகக் காட்டினார். அவை மேசை சுமந்த ரைபிள்கள். 1860ஆம் ஆண்டு யூலை 2ஆம் திகதி விம்பிள்டனில் விக்ரோறியா மகாராணி விற்வேர்த் ரைபிளால் 400 யார் தூரத்தில் இலக்கின் மையத்தருகே சுட்டார் என்று எல்லோரும் எழுதுவார்கள். ரைபிள் இயந்திரத் தாங்கியில் பூட்டப்பட்டிருந்தது, மகாராணி பட்டுக் கயிற்றை இழுத்தார், அவ்வளவுதான். தாங்கி இருந்தால் பாரம் இலவசம். மனிதன் தாங்கும்போது என்ன நடந்தது என்பதற்கு 1874ஆம் ஆண்டு நியூயோர்க்கின் கிறீட்மூர்ச் சூட்டுத்திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதியதைப் பாருங்கள். 800, 900, 1000 யார் தூரங்கள். ரைபிளின் பாரம் 10 இறாத்தலுக்கு மேற்படக் கூடாது என்பது நிபந்தனை. அயர்லாந்துக்காரர் வாய்வழி நிரப்பும் றிக்பி ரைபிள்களால் 931 புள்ளிகள் எடுத்தார்கள், அமெரிக்கர் 934 எடுத்தார்கள். அயர்லாந்து வீரர் ஒருவர் அடுத்தவரின் இலக்கில் மிகச் சரியாகச் சுட்டு, அந்தப் புள்ளிகளை இழந்தார். 10 இறாத்தல் என்பது 4.5 கிலோ. நம் 1 அங்குலக் குழலோடும், ஒடுங்கும் குழலோடும் வரும் முழு ரைபிளின் பாரமும் அதுவே. 1000 யாருக்குப் போதிய பாரம் 50 மீற்றருக்குப் போதாதா?

பழைய பௌதிகவியல் (களுவாஞ்சிக்குடி):

அவர்கள் நின்று சுடவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். ஆயினும் கருத்துப் பொருந்துகிறது.

ஒடுங்கும் குழலைப் பற்றிச் சில எண்களைத் தருகிறேன், முடிவை உங்களிடமே விடுகிறேன். நேரான 1 அங்குலக் குழலும் 1⅛ இலிருந்து ⅞ இற்கு ஒடுங்கும் குழலும் திணிவில் கிட்டத்தட்ட ஒன்றே; வேறுபாடு 20 கிராம். ஆனால் ஈர்ப்பு மையம் நேரான குழலில் அடியிலிருந்து 40.6 சென்ரிமீற்றரிலும், ஒடுங்கும் குழலில் 36.5 சென்ரிமீற்றரிலும் இருக்கிறது. நான்கு சென்ரிமீற்றர் பின்னே வந்ததற்கு விலையாகச் சடத்துவத் திருப்பம் 2.08இலிருந்து 1.91 ஆகக் குறைகிறது. எட்டு சதவீதத்தை இழந்து சமநிலையை வாங்குகிறோம். கொக்கியில்லாத பிடங்குக்கு இது நல்ல வியாபாரமா என்பதைச் சுடுபவர்தான் சொல்ல வேண்டும். நான் சுடுபவன் அல்லன். ஒரே பாரமுள்ள இரண்டு குழல்கள் கையில் இரண்டு வேறு துவக்குகளாக இருக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஆகவே எத்தனை கிலோ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, கிலோ எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

கல்லடிவாசி:

அண்ணன் தண்டுப் பரிசோதனையைச் செய்து முடித்துவிட்டு நேற்று இரவு நீண்ட நேரம் பேசினார். கனத்த தண்டு தொடக்கத்தில் அவருக்கு மிகவும் பிடித்திருந்ததாம். புள்ளியின் மேல் அசையாமல் நின்றதாம். பாதி நேரம் கடந்த பிறகு இடது தோளைவிட வலது முன்கைதான் முதலில் களைத்ததாகச் சொன்னார். சுவிஸ் அண்ணன் எழுதிய பிடங்கு மேலெழும் விடயம் இதுதான் என்று நினைக்கிறேன். மெல்லிய தண்டில் கை களைக்கவில்லை, ஆனால் புள்ளியைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டே இருந்ததாம்.

இப்போது அவர் மூன்றையும் விட்டு நான்காவது ஒன்றைக் கேட்கிறார். அடியில் 1⅛ அங்குலம், வாயில் 15/16 அங்குலம். நான் கணக்கிட்டபோது 2.98 கிலோ வந்தது. ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 37.6 சென்ரிமீற்றர்.

பழைய பௌதிகவியல் (களுவாஞ்சிக்குடி):

அதன் சடத்துவத் திருப்பம் 2.11. நேரான 1 அங்குலக் குழலுக்கு 2.08. இரண்டும் ஒன்றே என்று சொல்லலாம். அண்ணன் 230 கிராமைக் கூடுதலாகச் சுமந்து, ஏற்கெனவே 2.75 கிலோவில் கிடைத்த அதே அசையாமையைப் பெறுகிறார். என் கண்ணுக்கு இது வீண் செலவு.

ஆரையம்பதியான் (சுவிஸ்):

சேர், அந்த 230 கிராம் முழுவதும் கைக்கு அருகே, குழலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அசையாமை சமம், முன்பாரம் சிறிது பின்னே வந்துவிட்டது, வலது முன்கை ஓய்வு பெறுகிறது. அண்ணனுக்குக் களைத்தது எந்தக் கை என்று அவரே சொல்லிவிட்டார். நான் இதற்கு முழு ஆதரவு. பிடங்கில் ஒரு சிறு குழியை மட்டும் முன்கூட்டியே விடச் சொல்லுங்கள். ஈயம் வைப்பதா வேண்டாமா என்பதை ஒரு பருவம் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பழைய பௌதிகவியல் (களுவாஞ்சிக்குடி):

பாரம் கூடினாலும் கை குறைவாக உழைக்கும் என்கிறீர்கள். பிடங்கில் கொக்கி வைத்தால் அந்த வாதம் மறைந்துவிடும், 230 கிராம் மட்டும் எஞ்சும். கொக்கி இல்லாதவரை உங்கள் கூற்று நிற்கிறது.

கல்லடிவாசி:

கொக்கி வைத்தால் படுத்துச் சுடும்போது தோளில் சரியாக அமராது என்று செய்பவர் மறுத்துவிட்டார், சேர். ஒரே ரைபிள் என்பதால் அதில் மாற்றமில்லை. ஆகவே 1⅛ இலிருந்து 15/16 என்றே எழுதி அனுப்பியிருக்கிறோம்.

அக்கரைப்பற்றுக் கடைச்சல்:

என் நேரான குழலை ஒருவரும் எடுக்கவில்லை, போகட்டும். வாயில் ⅞ இற்குப் பதிலாக 15/16 விட்டதில் என் பேச்சுக்குப் பாதி மரியாதை கிடைத்துவிட்டது. பிற்காலத்தில் இன்னும் ஒடுக்க இடம் இருக்கிறது. அப்படி ஒடுக்க நேர்ந்தால் மேற்பட்டையும் தாழும், முன் குறிகாட்டி அமரும் வெட்டின் ஆழம் குறைந்து அது ஆடத் தொடங்கும். ஆகவே அந்த வெட்டை இப்போதே சற்று ஆழமாகப் போடச் சொல்லுங்கள். குழலையும் மரத்தையும் பிணைக்கும் ஆணிகளுக்கான கீழ்ப்பட்டை வெட்டுகளுக்கும் அதே விதி. செய்பவர் வெட்டத் தொடங்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டும், தம்பி. அங்கே இப்போது காலை நேரமாக இருக்கும், இன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.